வரமிளகாய்: சேலம், நாமக்கல் சமவெளியில் ஒரு சொல்லும் ஒரு சமையல் முறையும்

முன்னுரை

சேலத்திலிருந்து ஆத்தூர் செல்லும் சாலையில் உள்ள அயோத்தியாப்பட்டணம் தொடங்கிக் காவிரியின் கிழக்குக் கரையிலுள்ள பள்ளிபாளையம் வரை பரந்து கிடக்கும் சமவெளி முன்னர் ஒரே சேலம் மாவட்டமாக இருந்தது. 1997 முதல் நாமக்கல் தனி மாவட்டமாக இயங்குகிறது. நிருவாக எல்லை பிரிந்தபோதும் அடுப்படிச் சொற்கள் பிரியவில்லை. கனிந்து சிவந்த மிளகாயை வெயிலில் உலர்த்திய பின் அதற்கு இப்பகுதியில் வழங்கும் பெயர் வரமிளகாய், பேச்சில் 'வரமொளகா'. மதுரைக்குத் தெற்கே இதனை மிளகாய் வற்றல் என்பர். சென்னை வழக்கிலும் அச்சிடப்படும் சமையல் நூல்களிலும் இது காய்ந்த மிளகாய். ஈழத் தமிழர் செத்தல் மிளகாய் என்பர்.

ஒரு பொருளுக்கு நான்கு பெயர் இருப்பது வட்டார வழக்காய்வில் வியப்பன்று. எனினும் இந்நான்கும் வெறும் மாற்றுப் பெயர்கள் எனக் கொள்வது பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் கருத்து. வரமிளகாய் என்னும் சொல்லமைப்பும், அதனைக் கொண்டு இச்சமவெளியில் நிகழும் சமையல் முறையும் ஒன்றோடொன்று தொடர்புடையன. பொதுவழக்குச் சொல்லை இட்டு எழுதப்படும் சமையற்குறிப்புகளில் சொல் மறையும்பொழுது முறையும் உடன் மறைகிறது. பள்ளிபாளையம் கோழி வறுவலைச் சான்றாகக் கொண்டு இது இங்கு விளக்கப்படுகிறது.

மலைக்கு மிளகு, சமவெளிக்கு மிளகாய்

மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1492இல் தொடங்கிய கொலம்பசின் பயணங்களுக்குப் பின்னரே அது அக்கண்டத்தை விட்டு வெளியேறியது. 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கியதையும் 1510இல் போர்த்துக்கீசியர் கோவாவைக் கைப்பற்றியதையும் ஒட்டி அது இந்தியாவை வந்தடைந்தது. அதற்கு முன்னர்த் தமிழர் உணவில் கார்ப்புச் சுவைக்கு முதலிடம் பெற்றிருந்தது மிளகு. சங்க இலக்கியத்தில் அதன் பெயர் கறி. பெரும்பாணாற்றுப்படையில் மாதுளையின் பசுங்காயை வெண்ணெயில் வேகவைத்துக் கறியும் கறிவேப்பிலையும் கலந்து சமைத்த உணவு பேசப்படுகிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டுகளில் திருவமுதுக்கு உரிய பொருள்களுள் மிளகு, கடுகு, சீரகம், புளி, உப்பு ஆகியன இடம்பெறுகின்றன. மிளகாய் இல்லை, இருக்கவும் இயலாது. கறி என்னும் சொல் பின்னர் மிளகிட்ட தொடுகறியையும், அதன்பின் இறைச்சியையும் குறிக்கலாயிற்று. இன்று கொங்குப் பகுதியில் 'கறி எடுத்தாச்சா' என்று வினவுவோர் மிளகை நினைப்பதில்லை.

இச்சமவெளியின் புவியமைப்பு இவ்வரலாற்றை நேரில் காட்டுகிறது. வடக்கே சேர்வராயன் மலை. தெற்கே வல்வில் ஓரியின் கொல்லிமலை. இரண்டிலும் இன்றும் மிளகு விளைகிறது. மிளகு கொடி, படர மரமும் நிழலும் ஈரமும் வேண்டும், பலன் தரச் சில ஆண்டுகள் ஆகும். சமவெளியின் வெயிலுக்கு அது இசையாது. மிளகாய்ச் செடியோ கிணற்றுப் பாசனமும் திறந்த வெயிலும் கிடைத்தால் சில மாதங்களிலேயே காய்த்து விடும். மலையிலிருந்து விலைகொடுத்து வாங்க வேண்டியிருந்த கார்ப்பு, புழக்கடையில் கிடைக்கும் பொருளாயிற்று. மிளகாயின் பரவலைச் சுவையின் வெற்றியாகப் பார்ப்பதைக் காட்டிலும் நிலத்தின், விலையின் வெற்றியாகப் பார்ப்பதே பொருந்தும் எனத் தோன்றுகிறது.

கோயில் மடைப்பள்ளியும் நீத்தார் கடன் சமையலும் இம்மாற்றத்தை எளிதில் ஏற்கவில்லை. நாமக்கல் ஆஞ்சநேயர் கோயிலில் அனுமன் பிறந்த நாளன்று சாத்தப்படும் 1,00,008 வடைகளாலான மாலை பரவலாக அறியப்பட்டது. அவ்வடையின் காரம் மிளகுக் காரம். அதே மாவட்டத்தின் மறுகோடியில் பள்ளிபாளையத்து வாணலியில் கைப்பிடி கைப்பிடியாக வரமிளகாய் விழுகிறது. ஐந்து நூற்றாண்டுகளுக்கு முந்திய சுவையும் பிந்திய சுவையும் ஒரே மாவட்டத்தில் இடம் பிரித்துக்கொண்டு வாழ்கின்றன.

மிளகின் காய்

புதிய பொருளுக்குத் தமிழர் புதுப் பெயரைக் கடன் வாங்கவில்லை. பழைய பெயரை நீட்டினர். மிளகு + காய் என்பது மிளகாய் ஆயிற்று. தெலுங்கில் மிரியம், மிரபகாய. கன்னடத்தில் மெணசு, மெணசினகாயி. இவையும் இவ்வாறே அமைந்தவை. மலையாளம் ஒருபடி மேலே சென்றது. அங்கு முளகு என்னும் பெயரையே வந்தேறிக்குத் தந்துவிட்டு, பழைய உரிமையாளரைக் குருமுளகு, நல்லமுளகு என அடைகொடுத்து அழைக்கின்றனர். ஸ்பானிய மொழியிலும் மிளகு பிமியெந்தா, மிளகாய் பிமியெந்தோ. உலகின் இரு கோடிகளிலும் நாக்கு ஒரே ஒப்புமையைக் கண்டிருக்கிறது.

தாவர உறவு இரண்டுக்கும் இல்லை. மிளகின் காரம் பைப்பரின். மிளகாயின் காரம் கேப்சைசின். கேப்சைசின் நாவின் சுவைமொட்டுகளைத் தொடுவதில்லை. வெப்பத்தை உணரும் நரம்பு ஏற்பியையே தூண்டுகிறது. அவ்வேற்பியை 1997இல் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார். மிளகாய் தின்றவர் 'எரிகிறது' என்பது உருவகம் அன்று. உடல் அதை எரிச்சலாகவே உணர்கிறது.

காய் என்னும் பின்னொட்டு ஒரு சிறு விந்தையையும் உண்டாக்குகிறது. செடியில் பச்சையாக இருக்கையில் மிளகாய். சிவந்து கனிந்தால் மிளகாய்ப்பழம். உலர்ந்ததும் மீண்டும் மிளகாய். கனிந்தது காயாகத் திரும்பும் இவ்வழக்கு வேறு விளைபொருள்களில் அரிது. காய்தல் என்னும் வினை உலர்தலையும் குறிப்பதால் 'காய்ந்த மிளகாய்' என்னும் தொடரில் பெயர்க் காயும் வினைக் காயும் எதிரெதிரே நிற்கின்றன.

'வர' என்னும் அடை

வரமிளகாய் என்பதில் உள்ள 'வர' யாது? வருதல் வினையோடு பொருத்தி, சந்தைக்கு வரத்தாக வரும் மிளகாய் என விளக்க எவரேனும் முற்படலாம். ஆயின் இதே அடை வரக்காப்பி (பாலில்லாக் காப்பி) என்பதிலும் உள்ளது. வரட்டி எனவும் வறட்டி எனவும் எழுதப்படும் உலர்ந்த சாணத் தட்டின் பெயரும் இதனோடு சேர்த்து நோக்கத்தக்கது. இவற்றுக்கு வருகைப் பொருள் பொருந்தாது. இவை அனைத்துக்கும் பொதுவாக அமையும் பொருள் ஈரம் அல்லது உடன்சேர்வது இன்மை. எனவே மூலம் வல்லின றகரம் கொண்ட வற என்னும் அடியே எனக் கருதலாம். வறத்தல், வறம், வறன், வறள், வறட்சி, வற்று, வற்றல், வறுமை என விரியும் சொற்குடும்பம் அது. வறத்தல் வினை திருக்குறளின் வான்சிறப்பு அதிகாரத்திலேயே ஆளப்பட்டுள்ளது. தமிழ்நாட்டின் பெரும்பகுதிப் பேச்சில் ரகர றகர வேறுபாடு மறைந்துவிட்டமையால் எழுத்தில் இடையின ரகரம் நிலைத்துவிட்டது.

வற + மிளகாய் என வினைத்தொகையாகக் கொள்வதா, வறம் + மிளகாய் எனப் பெயர்த்தொகையாகக் கொள்வதா என்பது அடுத்த வினா. மிளகாய் என்னும் சொல்லை மட்டும் வைத்து இதனைத் தீர்க்க இயலாது. வட்டம் + முகம் வட்டமுகம் ஆவதுபோல, மெல்லினம் வருமிடத்து ஈற்று மகரம் கெட்டு வறமிளகாய் என்றே அமையும். வினைத்தொகையிலும் வடிவம் அதுவே. வல்லினம் வருமிடமே சோதனைக் களம். ஊறுகாய், சுடுசோறு முதலிய வினைத்தொகைகளில் ஒற்று மிகுவதில்லை. வரக்காப்பி என்பதிலோ ககர ஒற்று தெளிவாக மிக்கு ஒலிக்கிறது. நன்னூல் மெய்யீற்றுப் புணரியல் காட்டும் மகர ஈற்று நெறிப்படி, மகரம் கெட்டு உயிரீறுபோல் நின்று ஒற்று மிகுவதற்கு இது இசைகிறது. ஆதலின் வறம் என்னும் பெயரடியையே கொள்வது பொருத்தம். காப்பி அண்மைக் காலச் சொல். அதனோடும் இவ்வடை தயக்கமின்றிப் புணர்ந்திருப்பது, அடை இன்றும் உயிருடன் இயங்குவதைக் காட்டுகிறது. எழுத்தில் வறமிளகாய் எனத் திருத்த வேண்டும் என்பது இதன் பொருளன்று. வழக்கில் ஊன்றிய வடிவைத் திருத்துவது வீண்வேலை. அகராதியில் வேரைக் குறித்தால் போதும்.

நான்கு பெயர்களின் அமைப்பையும் ஒப்பிட்டால் பிறிதொன்று புலனாகும். மிளகாய் வற்றல் என்பதில் வற்றல் தலைமைச் சொல். மிளகாய் அதன் அடை. சுண்டை வற்றல், கத்தரி வற்றல், மிளகாய் வற்றல் என உலர்த்திச் சேமித்த பொருள்களின் வரிசையில் அது ஒன்று. செத்தல் மிளகாய், காய்ந்த மிளகாய், வரமிளகாய் ஆகியவற்றில் மிளகாயே தலைமைச் சொல். அவற்றுள்ளும் வரமிளகாய் மட்டும் ஒரு சொல்லாக இறுகிப் பச்சைமிளகாய் என்பதற்கு நேர் இணையாக நிற்கிறது. இவ்வட்டாரத்தார்க்கு அது ஊருக்குள் இருக்கும் இருவகை மிளகாயுள் ஒன்று; சேமிப்புப் பண்டமாக எண்ணப்படவில்லை. பச்சைமிளகாயைக் கீறிப் போடுவதுபோல வரமிளகாயைக் கிள்ளிப் போடுகின்றனர், காயாகவே கையாளுகின்றனர். பெயரும் முறையும் சந்திக்கும் இடம் இது.

பள்ளிபாளையத்து வறுவல்

பள்ளிபாளையம் காவிரிக்கு அக்கரையில் உள்ள ஈரோட்டை நோக்கியிருக்கும் விசைத்தறி ஊர். அதன் பெயரால் வழங்கும் கோழி வறுவல் இன்று தமிழகம் எங்கும் உணவகப் பட்டியல்களில் இடம்பெற்றுள்ளது. அதன் சேர்மானம் வியக்கத்தக்க அளவு சிறியது: சிறு துண்டுகளாக வெட்டிய கோழி, சின்ன வெங்காயம், வரமிளகாய், கறிவேப்பிலை, தேங்காய்ப் பல், மஞ்சள், உப்பு, எண்ணெய். சிலர் பூண்டு சேர்ப்பர். மல்லித்தூள் இல்லை, பட்டை, கிராம்பு இல்லை, மிளகாய்த்தூள் இல்லை. இன்மையால் வரையறுக்கப்படும் உணவு இது. கொங்கில் வழங்கும் சிந்தாமணிக் கோழி இதனினும் சுருங்கியது; அது குண்டு மிளகாயை நம்பி நிற்பது.

அரைக் கிலோ கோழிக்குப் பதினைந்து முதல் இருபது மிளகாய் வரை செல்லும். எண்ணிக்கையைக் கேட்டு அஞ்சுவோர் செய்முறையைக் காண வேண்டும். மிளகாயின் காம்பைக் கிள்ளி, இரண்டு மூன்றாக உடைத்து, உள்ளங்கையில் தட்டி விதையை உதறி விடுகின்றனர். விதையே காரம் என்பது பொது நம்பிக்கை. உண்மையில் கேப்சைசின் உருவாவது விதை ஒட்டியிருக்கும் வெளிறிய உட்தசையில்; விதை அதனைப் பூசிக்கொண்டிருக்கிறது. உதறும்போது விதையோடு அத்தசையின் பொடிந்த பகுதியும் உதிர்வதால் காரம் குறைகிறது. எஞ்சுவது பெரும்பாலும் தோல். சிவப்பு நிறமும் உலர்ந்த கனியின் மணமும் தோலில் உள்ளன. வேறொரு நன்மையும் உண்டு: வாணலியில் விதை தோலினும் விரைந்து கருகிக் கசப்பேற்றும்.

எண்ணெய் காய்ந்ததும் கறிவேப்பிலை, அதன்பின் மிளகாய். மிளகாயின் நிறமும் காரமும் நீரில் கரைய மறுப்பவை, எண்ணெயில் எளிதில் இறங்குபவை. ஆதலின் முதற் சந்திப்பு எண்ணெயோடு நிகழ வேண்டும். ஆயின் இச்சந்திப்பு நீளக் கூடாது. மிளகாய் சிவப்பிலிருந்து கருஞ்சிவப்புக்கு மாறும் சில நொடிகளுக்குள் வெங்காயம் விழ வேண்டும். அது விடும் நீர் வாணலியின் சூட்டைத் தணித்து மிளகாய் கருகாமல் காக்கிறது. பிந்தினால் நெடி ஏறும்; வீடே இருமும். கண்ணேறு கழிக்க உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பிலிடும் வழக்கம் இப்பகுதியில் உண்டு. நெடி வராவிட்டால் கண்ணேறு கடுமை என்பர். அடுப்பிலிட்ட மிளகாயின் நெடி தெரிந்தவர்களே அது வராதிருப்பதைக் குறியாகக் கொள்ள முடியும்.

பின்னர்க் கோழி, மஞ்சள், உப்பு. தண்ணீர் ஊற்றுவதில்லை, தேவையாயின் தெளிப்பர். கோழி விடும் நீரிலேயே கோழி வேக வேண்டும். அந்நீர் முழுதும் வற்ற வேண்டும். வற்றி முடிந்த பின் எண்ணெய் மீண்டும் பிரியும். அதுவரை வேகுதலாக இருந்தது அக்கணம் முதல் வறுதலாகிறது. தேங்காய்ப் பல் இறங்குவது அப்போதுதான். வற்றுதலும் வறுத்தலும் ஒரே அடியின் கிளைகளா, வேறுவேறா என்பதில் சொல்லாய்வாளர் மாறுபட இடமுண்டு. இவ்வாணலியில் அவை அடுத்தடுத்த இரு படிகள். முன்னது முடியாமல் பின்னது தொடங்காது. வறுவல் எனப் பெயர் பெற்றும் பொரித்தலில் இது சேராமைக்குக் காரணம் இதுவே.

நாமக்கல் கோழிப்பண்ணைகளுக்குப் பேர்பெற்ற மாவட்டம். நாட்டுக்கோழி வேக நெடுநேரம் ஆகும். பண்ணைக் கோழி விரைவில் வெந்து மிகுந்த நீரை விடும். பின்னதைக் கொண்டு சமைப்போர் நீர் வற்றுமுன் இறைச்சி சிதையாதிருக்கத் தீயைக் கூட்டுகின்றனர். மிளகாய்த் துண்டு ஊறிக் கிடக்கும் நேரம் இதனால் குறைகிறது. சுவை மாறிவிட்டது என்னும் முதியோர் குறைபாட்டை வெறும் பழமைப் பற்று எனத் தள்ளிவிட முடியாது.

துண்டும் தூளும்

இவ்வுணவில் வரமிளகாய்க்குப் பதிலாக மிளகாய்த்தூளை இட்டால் கிடைப்பது நல்லதொரு கோழி வறுவலாக இருக்கலாம்; பள்ளிபாளையத்து வறுவலாக இராது. தூளில் தோலும் விதையும் உட்தசையும் ஒன்றாகக் கலந்துள்ளன, உதறுதற்கு இடமில்லை. நுண்துகள் எண்ணெயில் உடனே கருகும். அதனைத் தவிர்க்கத் தூளை நீர்ப்பதத்தில் இட வேண்டியுள்ளது. இட்டதும் குழம்பாகத் திரள்கிறது. துண்டு மிளகாய் தனித்து நிற்பது. உண்பவர் விரும்பினால் ஒதுக்கலாம், விரும்பினால் கடிக்கலாம். கார அளவின் இறுதி முடிவு இலையில் அமர்ந்தவர் கையில் இருக்கிறது.

தூளைக் குறைத்து மதிப்பது நோக்கமன்று. யாழ்ப்பாணத்துக் கறித்தூளில் செத்தல் மிளகாயை மல்லி முதலியவற்றுடன் வறுத்து இடிப்பது தேர்ந்த கலை. அங்கு மிளகாய் தன் உருவை இழந்து கூட்டில் கரைய வேண்டும். அவ்வட்டாரத்தில் காரம் என்பதனினும் உறைப்பு என்னும் சொல்லே மிகுதி. சேலம் பக்கத்து நாட்டுச் சமையலிலோ கொள்ளு, பச்சைப்பயறு கடையும்போதும் வரமிளகாய் முழுதாகவே பருப்போடு வேகும்; பின்னர் மத்தின்கீழ் மசியும்.

மிளகாயின் வகையும் முறையைத் தீர்மானிக்கிறது. சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கடைகளில் விற்பனையாகும் வரமிளகாய் பெரும்பாலும் வெளியூர்ச் சரக்கு. நீட்டு மிளகாய் ஆந்திரத்துக் குண்டூர்ப் பக்கத்திலிருந்து வருவது. மெல்லிய தோல், எளிதில் உடையும், எளிதில் கருகும். உருண்டையான குண்டு மிளகாய் இராமநாதபுரத்து மானாவாரி நிலத்தது. 2023இல் இராமநாதபுரம் முண்டு மிளகாய் என்னும் பெயரில் புவிசார் குறியீடு பெற்றது. அதன் தோல் தடித்தது. எண்ணெயில் சற்று நேரம் தாங்கும். 'இருபது மிளகாய்' என்னும் அளவு எவ்வகைக்கு உரியது எனச் சொல்லாத குறிப்பு பாதிக் குறிப்பே.

அகராதியும் சமையற்குறிப்பும்

கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரத்துக்கும் பெருமாள்முருகன் கொங்கு வட்டாரத்துக்கும் சொல்லகராதி தொகுத்துத் தந்துள்ளனர். அம்முன்னோடிப் பணிகளைத் தொடர்வோர் உணவுப் பெயர்களோடு நின்றுவிடாமல் உணவு வினைகளையும் தொகுக்க வேண்டியுள்ளது. கிள்ளு, உடை, உதறு, தாளி, வாட்டு, வதக்கு, சுருட்டு, சுண்டவை, வற்றவை, வறு, பொரி, கடை ஆகியவை ஒவ்வொன்றும் சூட்டின் அளவையும் ஈரத்தின் அளவையும் நேரத்தையும் சுட்டுபவை. வதக்குதலில் பொருளின் ஈரம் பொருளிலேயே தங்கும், வறுத்தலில் தங்காது. இவ்வேறுபாட்டைப் பொதுவழக்கு நூல்கள் பேணுவதில்லை. எல்லாவற்றையும் வதக்குதலில் அடக்கிவிடுகின்றன. 'காய்ந்த மிளகாய் சேர்த்து வதக்கவும்' என அச்சேறும் ஒரு வரியில் வரமிளகாய் என்னும் பெயரும், உதறுதல் என்னும் செயலும், வெங்காயம் விழ வேண்டிய நொடியும் சேர்ந்தே விடுபடுகின்றன. படித்துச் சமைப்பவர் விதையோடு இருபது மிளகாயையும் போடுகிறார். கண் கலங்க எழுந்து, அடுத்த முறை ஐந்தாகக் குறைத்து, நிறத்துக்காகத் தூள் சேர்க்கிறார். உணவகங்களில் இன்று பள்ளிபாளையம் என்னும் பெயரில் பரிமாறப்படும் பலவற்றில் தூள் நுழைந்த வழி ஏறத்தாழ இதுவாக இருக்கக்கூடும்.

வட்டார அகராதியில் வரமிளகாய் என்னும் பதிவு இடம்பெறுங்கால், உலர்ந்த சிவப்பு மிளகாய் எனப் பொருள் எழுதுவதோடு, வறம் என்னும் அடி, பச்சைமிளகாயோடு அதன் இணைநிலை, நீட்டு, குண்டு என்னும் வகை, அதனோடு சேர்ந்து வரும் கிள்ளு, உதறு ஆகிய வினைகள் ஆகியன குறிக்கப்பட வேண்டும். உதறு என்பதற்கு இன்று அகராதிகள் துணியையும் கையையும் எடுத்துக்காட்டாகத் தரலாம்; அயோத்தியாப்பட்டணத்து அடுப்படியில் முதலில் நினைவுக்கு வருவது மிளகாய் விதை.